முட்டையை நிறுத்தியும் இறங்காத எல்.டி.எல்.: ஏற்காட்டுக் காப்பித் தோட்ட மேஸ்திரி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக்கிராமம் ஒன்றில் குடியிருந்து, காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக வேலை பார்க்கும் 46 வயது ஆண் ஒருவர், ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றுடன் ஒரு ஜூன் மாதத்தில் சேலத்தில் என்னிடம் வந்தார். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு எதுவும் அவருக்கு இல்லை. மேடும் சரிவுமான தோட்டத்தில் நாள் முழுவதும் நடப்பவர். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிக்கு ஏணி வைத்து ஏறுபவர். பீடி, சிகரெட், மது எதுவும் இல்லை. அவரைக் கலங்கவைத்தது அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த எண்கள்தாம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 268, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 44, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 150, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 194 (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்).

அவருடைய ஒப்புதலோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். உணவுக் கட்டுப்பாட்டை மனதார மேற்கொண்டும் கொலஸ்ட்ரால் ஏறியவர்களை அடிக்கடி பார்க்கிறோம். அவர்களில் பலரிடம் "வாயைக் கட்டவில்லை" என்று பழி சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். இவர் வாயை நன்றாகவே கட்டியிருந்தார். கட்டிய இடம்தான் தவறு. அந்தத் தவறும் அவருடையது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கொலஸ்ட்ராலைப் பற்றி நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படுவதை அவர் அப்படியே கடைப்பிடித்திருந்தார்.

முன்கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் எடுத்த பழைய அறிக்கையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் 226, எச்.டி.எல். 41, ட்ரைகிளிசரைடு 130, எல்.டி.எல். 159. கொஞ்சம் கூடுதல்தான், சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் தம் சாப்பாட்டில் மூன்று மாற்றங்களைச் செய்தார்.

முதலாவது, முட்டையை அடியோடு நிறுத்தினார். பக்கத்து மாவட்டமான நாமக்கல்லிலிருந்து முட்டை மலிவாக மலைக்கு வந்துகொண்டிருக்க, வீட்டில் பிள்ளைகள் சாப்பிடும்போதும் இவர் தொடுவதில்லை. இரண்டாவது, பல தலைமுறைகளாக வீட்டில் புழங்கிவந்த கடலை எண்ணெயை விட்டுவிட்டு, கைப்பேசியில் வந்த ஒரு காணொளியின் பேரில் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினார். மூன்றாவது, பாலும் சர்க்கரையும் கெடுதல் என்று, கடைகளில் குடித்துவந்த பால் டீயைக் கைவிட்டு, வீட்டிலேயே கொதிக்கவைத்த வரக்காப்பியைக் கருப்பட்டி போட்டுக் குடிக்கத் தொடங்கினார். மூன்றும் உடல்நலம் கருதிச் செய்தவை. மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த பிறகுதான் எல்.டி.எல். 159-லிருந்து 194-க்கு ஏறியிருந்தது.

பரிசோதனைகளும் விலக்கப்பட்ட காரணங்களும்

எல்.டி.எல். 190-ஐத் தாண்டும்போது முதலில் நினைக்க வேண்டியது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோய். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பதால் இதை அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குரிய அடையாளங்களைத் தேடினேன். குதிகால் தசைநாரிலோ கைவிரல் முட்டிகளிலோ கொழுப்புக் கட்டி இல்லை. கருவிழியைச் சுற்றி வெண்வளையம் இல்லை. தாய் தந்தை வழியில் இளவயது மாரடைப்பும் இல்லை. இந்தப் பரம்பரை நோய்க்கான வாய்ப்பைப் புள்ளி போட்டுக் கணக்கிடும் டச்சு மதிப்பீட்டு முறையில் அவருக்குக் கிடைத்தவை எல்.டி.எல். அளவுக்கான மூன்று புள்ளிகளும், சர்க்கரை நோயாளியான அண்ணனுக்கு 52 வயதில் வந்த மாரடைப்புக்கான ஒரு புள்ளியும் மட்டுமே. இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று அந்தப் பழைய அறிக்கைதான். பரம்பரை நோயில் எல்.டி.எல். பிறந்த நாள் முதலே உயர்ந்திருக்கும். 43 வயதில் 159 ஆக இருந்தது 46 வயதில் 194 ஆனால், இடையில் புதிதாக ஏதோ ஒன்று சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, கொலஸ்ட்ராலை உயர்த்தும் பிற நோய்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தநீர் அடைப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், சில மருந்துகள் ஆகியவை இதில் அடங்கும். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இயல்பாக இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை. பித்தநீர் அடைப்பைக் காட்டும் பிலிருபின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் சரி. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.6 சதவீதம். ரத்த அழுத்தம் 126/82. இசிஜியில் மாற்றம் இல்லை. நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ சாப்பிடவில்லை. கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.பி.டி. மட்டும் 54 என்று சற்றுக் கூடியிருந்தது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிவு தெரியவில்லை. குடிக்காத, பருமனில்லாத ஒருவருக்கு இந்த 54 ஏன் என்ற கேள்வியை அப்போதைக்குக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் எடுத்த ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 260, எச்.டி.எல். 43, ட்ரைகிளிசரைடு 155, எல்.டி.எல். 186. எல்.டி.எல். ஒருவருக்கே நாளுக்கு நாள் ஏழெட்டு சதவீதம் ஏறி இறங்கக்கூடியது. ஒற்றை அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதால் இந்த இரண்டாவது அளவையே தொடக்கப்புள்ளியாகக் கொண்டேன்.

சமையலறையில் கேட்டவை

உணவு வரலாற்றைச் சாப்பிடுபவரிடம் கேட்டால் பாதிதான் கிடைக்கும். சமைப்பவரிடம் கேட்டால்தான் முழுதும் வரும். அடுத்த முறை மனைவியையும் அழைத்து வரச் சொன்னேன். எண்ணெய் டின்னையும், வீட்டில் போடும் காப்பியை ஒரு ஃபிளாஸ்க்கிலும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எண்ணெய் சரி, காப்பி எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை.

டின்னை மேசைமேல் வைத்ததும் அந்த அம்மா முதலில் சொன்னது இது: "டாக்டர், இதுல கொலஸ்ட்ராலே இல்லைன்னு டின்னுலயே போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் வாங்கறோம்." டின்னில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது, அது பொய்யும் இல்லை. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். தேங்காய், நிலக்கடலை, எள், சூரியகாந்தி, பனை என்று எந்தத் தாவர எண்ணெயிலும் அது கணக்கில் எடுக்கத்தக்க அளவில் கிடையாது. எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும் ஒன்றை ஓர் எண்ணெயின் சிறப்பாக அச்சிடும்போது, அந்த எண்ணெய் ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றாது என்று வாங்குபவர் எடுத்துக்கொள்வது இயல்பு. இந்தக் குடும்பம் ஏமாந்தது அந்த இடத்தில்தான் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய். தலைக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது சுமார் 23 கிராம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம், எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், எண்ணெயிலிருந்து மட்டுமே ஒருவருக்கு 20 கிராம் வந்துவிடுகிறது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஆகவே, பாலும் கறியும் தின்பண்டமும் கணக்கில் சேரும் முன்பே வரம்பு நிரம்பிவிடுகிறது. அதே 23 கிராம் கடலை எண்ணெயாக இருந்தால் நிறைவுற்ற கொழுப்பு நான்கு கிராம் சொச்சம்தான். நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் கொழுப்பு அமிலங்களின் இந்த விகிதம் மாறுவதில்லை. செக்கெண்ணெய்க்கு மணமும் சுவையும் உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சேலம் வட்டாரத்துச் சமையலில் தலைமுறைகளாகப் புழங்கியவை கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான். தேங்காய் எண்ணெய் இங்கே பெரும்பாலும் தலைக்குத் தேய்க்க வாங்கியது. பாரம்பரியத்துக்குத் திரும்புவதாக நினைத்து இவர்கள் தங்கள் பாரம்பரியத்தையே விட்டிருந்தார்கள்.

மாதம் ஒருமுறை சாமான் வாங்க லீ பஜாருக்கு இறங்கும்போது தட்டுவடை செட் சாப்பிடுவதுண்டு என்று சற்றுத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார். மாதம் ஒருமுறை சாப்பிடும் ஒரு தட்டு எல்.டி.எல்.லை இந்த அளவுக்கு உயர்த்தாது. வனஸ்பதி வழியாக வரும் டிரான்ஸ் கொழுப்பு பெரிய கவலையாக இருந்த காலம் உண்டு. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. இவர் வீட்டில் வனஸ்பதியே வாங்குவதில்லை.

பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தோம். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றிய காப்பி கருத்துக் கெட்டியாக இருந்தது. சற்று அசையாமல் வைத்ததும் அடியில் மண்டி படிந்தது. மேலே, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தபோது, மெல்லிய எண்ணெய்ப் படலம் திட்டுத்திட்டாக மின்னியது. "அந்த மினுமினுப்பு இருந்தாத்தான் டாக்டர் நல்ல காப்பி. கடைத்தூளுல அது வராது" என்றார் அந்த அம்மா. வீட்டைச் சுற்றி நிற்கும் சொந்தச் செடிகளின் அராபிகா பழத்தைக் காயவைத்து, தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, வீட்டிலேயே இடித்த தூள், சிக்கரி சேர்ப்பதில்லை. காலையில் ஒரு போசி நிறையத் தண்ணீரில் தூளைக் கொட்டிக் கொதிக்கவிட்டு, அடுப்போரம் வைத்து, வேண்டும்போதெல்லாம் சூடுபடுத்தி, மண்டியை அடியில் நிறுத்தி மேலாக ஊற்றிக் குடிப்பது. மலையின் குளிரில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு டம்ளர் ஆகிவிடும். வடிகட்டும் பழக்கமே இல்லை.

காப்பியில் இருக்கும் கொழுப்பு

காப்பிக்கொட்டையில் உள்ள எண்ணெயில் காஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் காஃபெஸ்டாலுக்கு இணையாகச் சொல்லத்தக்க உணவுப் பொருள் வேறு அதிகம் இல்லை. இது தெரியவந்த கதையும் குளிர்நாட்டில் தொடங்குகிறது. நார்வேயின் டிரோம்சோ நகரில் நடந்த இதயநோய் ஆய்வில், அதிகம் காப்பி குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பது 1983-இல் வெளியானது. வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் இது சரிவரத் தென்படாததால் குழப்பம் நீடித்தது. நார்வேயிலும் பின்லாந்திலும் தூளைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து அப்படியே குடித்தார்கள், மற்ற இடங்களில் தாள் வடிகட்டியில் வடித்துக் குடித்தார்கள் என்ற வேறுபாடு பிறகுதான் கவனத்துக்கு வந்தது. 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கொதித்த காப்பியிலிருந்து கொழுப்புப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் தெளிவாக உயர்ந்தது. ஆகவே, காரணம் காஃபீன் இல்லை என்பதும், எண்ணெயோடு வரும் பொருள்தான் என்பதும் உறுதியாயின.

கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடிக்கும் காப்பியில் ஒரு கோப்பைக்கு மூன்று முதல் ஆறு மில்லிகிராம் வரை காஃபெஸ்டால் இருக்கும். தாளில் வடிகட்டினால் எண்ணெய் தாளிலேயே தங்கிவிடுவதால் அது அநேகமாக ஒன்றுமில்லாமல் போகிறது. இன்ஸ்டன்ட் காப்பியிலும் மிகக் குறைவு. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் காஃபெஸ்டால் மொத்தக் கொலஸ்ட்ராலைச் சுமார் ஐந்து புள்ளி உயர்த்தும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ரொபஸ்டாவைவிட அராபிகாவில் காஃபெஸ்டால் கூடுதல். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்து ஊன்றிய காலம் முதல் சேர்வராயன் மலையின் பெயரை வெளியே கொண்டுசென்றது அராபிகாதான். காஃபெஸ்டால் கல்லீரல் என்சைமையும் ட்ரைகிளிசரைடையும் ஓரளவு உயர்த்தும் என்பதால், எஸ்.ஜி.பி.டி. 54-க்கும் ஒரு விளக்கம் கிடைக்கும்போலத் தோன்றியது.

நம் வீடுகளின் எவர்சில்வர், பித்தளை ஃபில்டர் பற்றியும் இங்கே கேட்பார்கள். அதன் துளைகள் எண்ணெயைத் தடுக்காவிட்டாலும், அழுத்தி வைத்த தூளின் படுகையே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு, சிக்கரி கலந்த டிகாக்‌ஷனைக் கொஞ்சமாக ஊற்றிப் பால் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடிப்பவருடைய நிலைமை, வடிகட்டாத கருங்காப்பியை ஏழு டம்ளர் குடிப்பவருடையதோடு ஒப்பிடத்தக்கது இல்லை. காலையில் ஒரு ஃபில்டர் காப்பி குடிப்பவர் இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை.

கல்லீரலில் நடப்பது

தேங்காய் எண்ணெயும் கொதித்த காப்பியும் வெவ்வேறு வழியில் நுழைந்தாலும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்று. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் கல்லீரல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், எல்.டி.எல். ரத்தத்திலேயே தேங்கும். நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் செயல்பாட்டைக் குறைக்கிறது. காஃபெஸ்டால் செய்வது இன்னும் நுட்பமானது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் முக்கியமான வெளியேற்று வழி. பித்த அமிலம் போதும் என்று கல்லீரலுக்கு உணர்த்தும் உணர்வியைக் காஃபெஸ்டால் தூண்டிவிடுவதால், அந்த மாற்றம் மட்டுப்படுகிறது, வெளியேற வேண்டிய கொலஸ்ட்ரால் செல்லுக்குள்ளேயே தங்குகிறது, ஏற்பிகள் குறைகின்றன.

முட்டையின் நிலை வேறு. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. உணவில் வரும் கொலஸ்ட்ராலில் சராசரியாகப் பாதியளவுதான் குடல் உறிஞ்சுகிறது, வரவு கூடும்போது பெரும்பாலானோரின் கல்லீரல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துச் சரிசெய்துகொள்கிறது. உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி உடலே உண்டாக்கியது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்த வரம்பு, 2015–2020 காலத்துக்கான அந்நாட்டு உணவு வழிகாட்டியில் எண்ணளவில் விடப்பட்டதற்கும் இதுவே பின்னணி. முட்டைக்கு எல்.டி.எல். நன்றாக ஏறிவிடும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்; சர்க்கரை நோயாளிகளிடமும் நான் அளவு சொல்லித்தான் அனுமதிக்கிறேன். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக முட்டையே தொடாத ஒருவருடைய எல்.டி.எல். ஏறியிருக்கும்போது முட்டையைக் குற்றம் சொல்ல இடமில்லை.

சிகிச்சைத் திட்டம்

எல்.டி.எல். 190-ஐத் தொட்டவருக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தள்ளிப்போடுவது எளிதான முடிவு இல்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் சராசரியாக 53. பிற நாட்டவருக்கு அது 59-ஐ ஒட்டி இருந்தது. இவருக்கு 46 வயது. எனினும் மீள்பரிசோதனையில் 186 வந்தது, அண்மையில்தான் ஏறியது, மாற்றக்கூடிய இரண்டு காரணங்கள் கண்முன்னே இருந்தன, இதயநோயோ சர்க்கரை நோயோ இல்லை என்பவற்றை எடைபோட்டு, நான்கு மாத அவகாசம் கொடுத்தேன். அதற்குள் எல்.டி.எல். 160-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரை தொடங்குவது என்று கணவன் மனைவி இருவரிடமும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது எவ்வளவு செய்தது என்று தெரியாமல் போயிருக்கும். முதல் எட்டு வாரம் எண்ணெயை மட்டும் மாற்றினோம்: தேங்காய் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும், அளவு அதே மூன்று லிட்டர். காப்பியைத் தொடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மொத்தக் கொலஸ்ட்ரால் 243, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 145, எல்.டி.எல். 172. பதினான்கு புள்ளி இறக்கம் என்பது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளும் அடங்கக்கூடியது என்பதால், இதை மட்டும் வைத்து எண்ணெய்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2020-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்துப் புள்ளிக்குச் சற்று மேல் உயர்த்துகிறது என்று காட்டியிருக்கிறது. இங்கே கண்ட இறக்கம் அதோடு பொருந்துகிறது. தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்.லையும் கொஞ்சம் உயர்த்தும் என்பது உண்மை. அந்த உயர்வு இதயத்தைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை; மருந்து கொடுத்து எச்.டி.எல்.லை உயர்த்திப் பார்த்த சோதனைகள் மாரடைப்பைக் குறைக்கத் தவறியிருக்கின்றன.

அடுத்த எட்டு வாரம் காப்பி. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பியை வளர்த்துப் பிழைப்பவரிடம் அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. அதே தூள், அதே ஏழு டம்ளர், தாள் வடிகட்டியில் வடித்துக் குடிக்கட்டும் என்றேன். தாளை அவருடைய மகள் சேலத்திலிருந்து வாங்கிக் கொடுத்தாள். முதல் வாரம் "தண்ணி மாதிரி இருக்கு" என்று குறைபட்டுக்கொண்டவர், தூளைக் கூட்டிப் போட்டுப் பழகிக்கொண்டார். அக்டோபர் இறுதியில் மொத்தக் கொலஸ்ட்ரால் 211, எச்.டி.எல். 43, ட்ரைகிளிசரைடு 110, எல்.டி.எல். 146. எஸ்.ஜி.பி.டி. 33. எல்.டி.எல். பதினைந்து சதவீதம் இறங்கி, ட்ரைகிளிசரைடும் கல்லீரல் என்சைமும் சேர்ந்து இறங்கியது காஃபெஸ்டாலின் குணத்தோடு ஒத்துப்போகிறது.

அறுவடைக்காலம்

இதோடு முடிந்திருந்தால் சந்தேகத்துக்கு இடம் இருந்திருக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். இரவும் பகலும் உலர்களத்திலேயே இருக்க நேர்ந்ததால், எல்லாருக்கும் பெரிய அண்டாவில் கொதிக்கவைக்கும் காப்பியையே இவரும் குடித்திருக்கிறார். எண்ணெய் விஷயத்தில் வீட்டில் எந்த மாற்றமும் இல்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் பரிசோதனைக்கு வந்தபோது மொத்தக் கொலஸ்ட்ரால் 232, ட்ரைகிளிசரைடு 120, எல்.டி.எல். 165. எஸ்.ஜி.பி.டி. 47. அவர் மனமொடிந்து போனார். எனக்கோ, திட்டமிட்டுச் செய்யச் சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய மறுபரிசோதனையைப் பருவமே செய்து கொடுத்ததுபோல் இருந்தது. காரணத்தை நீக்கியபோது இறங்கியது, மீண்டும் சேர்ந்தபோது ஏறியது என்ற வரிசை, ஒரே நோயாளியில் கிடைக்கக்கூடிய சான்றுகளில் வலுவானது. அறுவடை நாள்களில் தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கும் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அந்நாள்களில் அவர் எடை கூடவில்லை, ஒரு கிலோ குறைந்துதான் இருந்தது.

தாள் வடிகட்டி களத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் தடித்த பருத்தித் துணியில் பை தைத்து, அதில் வடிகட்டச் சொன்னேன். துணியில் வடித்த காப்பியிலும் காஃபெஸ்டால் பெருமளவு குறைந்துவிடுகிறது என்பது சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளின் துணிவடியை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்திருக்கிறது. துணியைத் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய துணி வாடை அடிப்பதோடு வடிக்கும் வேலையையும் சரியாகச் செய்யாது. அதே சமயத்தில், வாரத்துக்கு ஐந்து முட்டை சாப்பிடவும் அனுமதித்தேன். களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டு நாளெல்லாம் உழைக்கும் மனிதருக்கு அந்தப் புரதம் தேவை. மே மாதம் எடுத்த ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 215, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைடு 105, எல்.டி.எல். 149. முட்டை திரும்பி வந்தும், தாளுக்குப் பதில் துணி வந்தும், அக்டோபர் அளவிலிருந்து சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

இப்போதைய நிலை

149 நல்ல எண் என்று நான் சொல்லவில்லை. நூறை ஒட்டி இருப்பதே விரும்பத்தக்கது. ஆனால் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் இல்லாத இவருக்கு இப்போதைக்கு மாத்திரை தொடங்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, ஐம்பது வயதை நெருங்கும்போது ஆபத்தை மீண்டும் கணக்கிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதே எண்ணெயில் சமைத்து அதே காப்பியைக் குடித்த மனைவிக்கும் பரிசோதித்ததில், வடிகட்டத் தொடங்கிய பிறகு எடுத்த எல்.டி.எல். 128. இரண்டு பிள்ளைகளுக்கும் இயல்பான அளவு. பரம்பரை நோய் இல்லை என்பதற்கு அதுவும் துணை நிற்கிறது.

மே மாதம் வந்தபோது அவர் தம் அண்ணனையும் அழைத்து வந்திருந்தார். அண்ணனுக்கு 54 வயது, பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். தம்பிக்கு மாத்திரை இல்லாமலே இறங்கிவிட்டதைக் கேள்விப்பட்டு, "துணியில வடிச்சுக் குடிச்சாப் போதும்னா, நானும் அந்தக் கொழுப்பு மாத்திரையை விட்டுடலாமா டாக்டர்?" என்று கேட்டார். கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். ஸ்டாட்டின் கொடுத்தால் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களின் உயிரிழப்பு குறைகிறது என்பது 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் நிறுவப்பட்டு, அதன்பின் பல முறை உறுதியாகியிருக்கிறது. எந்த எண்ணெயும் எந்த வடிகட்டியும் அந்த மாத்திரையின் இடத்தை அவருக்கு நிரப்ப முடியாது, எல்.டி.எல். 70-க்கும் கீழே இருக்க வேண்டியவர் அவர். அவருக்கு அன்று எடுத்த எல்.டி.எல். 96 என்று வந்ததால், மாத்திரையின் அளவைக் கூட்டினேன். காப்பியை வடிகட்டும் துணிப்பையைத் தம்பி மனைவி அவருக்கும் ஒன்று தைத்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் தொடரச் சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.